தம்பி தப்பில்லாமல் படிக்கிறான், என்ன படித்தாய் என்றால் முழிக்கிறான்

கேள்வி: இடைநிலை ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில், இரண்டும் என்னிடம்தான். மொத்தம் 27 பிள்ளைகள். அதில் ஒருவனைப் பற்றிக் கேட்க வேண்டும். பெயர் வேண்டாம், தம்பி என்றே எழுதுகிறேன்.

தம்பிக்கு ஒன்பது முடிந்துவிட்டது. அறிவுசார் குறைபாடு, சான்றிதழில் 50 சதவீதம் என்று இருக்கிறது. ஆட்டுக்காரர் வீட்டுப் பையன். மந்தையில் எந்தக் குட்டி எந்த ஆட்டுடையது என்று தூரத்திலிருந்தே சொல்வான். இரண்டாம் வகுப்பு வரை எழுத்து நிற்கவே இல்லை. பிறகு அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் முதல் படியான அரும்பு நிலையிலேயே கிடந்து கிடந்து, மெதுவாகப் பிடித்துக்கொண்டான். இப்போது விரலை வைத்து வரி வரியாகப் படிக்கிறான். ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வேண்டியதில்லை, அவன் படிப்பதை வீடியோ எடுத்து அவன் அம்மாவுக்கு அனுப்பினேன்.

போன வாரம் தாகம் எடுத்த காக்கா கதையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். தப்பில்லாமல் படித்தான். "காகம் ஏன் கல்லைப் போட்டது?" என்றேன். "காகம் கல்லைப் போட்டது" என்றான். "யார் போட்டது?" "டீச்சர்." வகுப்பே சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோபோல் இருந்தது.

இதைவிடக் குழப்பம் ஒன்று இருக்கிறது. அதே கதைக்கு நோட்டில் கேள்வி பதில் எழுதச் சொன்னால் பத்துக்கு ஏழு சரியாக எழுதுகிறான்! பார்த்தும் எழுதவில்லை, பக்கத்தில் யாரும் இல்லை. அப்படியென்றால் புரிகிறதா, புரியவில்லையா?

சக ஆசிரியர் ஒருவர், "50 சதவீதம் என்றால் பாதிதான் புரியும், விடுங்க" என்கிறார். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் நல்ல மனுஷி. ஆனால் அவருக்கு எத்தனையோ பள்ளிகள், இங்கே வருகிற அன்றைக்கு அரை நாள் பதிவேட்டிலேயே போய்விடுகிறது. நான் இவனுக்குப் பாடத்தை விட்டுவிட்டு ஒன்றாம் வகுப்புப் பயிற்சி நூலைக் கொடுக்கட்டுமா? இல்லை, இதே பாடத்தைக் கொடுப்பதென்றால் எப்படி? மற்ற 26 பேரை வைத்துக்கொண்டு எப்படி?

ஒரே ஒரு வேண்டுகோள். "பல்புலன் அணுகுமுறையைக் கையாளவும், ஊக்கப்படுத்தவும்" என்று யாரும் எழுதாதீர்கள். அதெல்லாம் டிஆர்பி தேர்வுக்கே மனப்பாடம் பண்ணியாயிற்று.

பதில் 1: சிறப்புப் பயிற்றுநர், விழுப்புரம் பக்கம், 14 வருட அனுபவம்

டீச்சர், அந்தக் கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். நான் பயிற்சிகளில் சொல்வதே அதைத்தான்.

முதலில் நோட்டுக் குழப்பம். கீழே இருப்பதைப் படியுங்கள்.

"கிபுலன் நெம்பாவில் தோனினான்."
கேள்வி: கிபுலன் எங்கே தோனினான்?

"நெம்பாவில்" என்று உங்களுக்குப் பதில் வந்துவிட்டது இல்லையா? நெம்பா என்றால் என்ன, தோனுவது என்றால் என்ன, எதுவும் தெரியாது. தம்பி செய்வதும் இதுதான். கேள்வியில் இருக்கிற சொல்லைப் பக்கத்தில் தேடுகிறான், அதை ஒட்டி இருப்பதை எடுத்து எழுதுகிறான். நம் கேள்விகள் அந்த மாதிரி, அதனால் அவனுக்கு ஏழு மார்க். உங்கள் வகுப்பில் குறைபாடு எதுவும் இல்லாத பிள்ளைகளில் நாலைந்து பேர் இதையேதான் செய்துகொண்டிருப்பார்கள். ஒருநாள் கிபுலனைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்.

அதற்காக அவனுக்குப் புரியும் திறன் இல்லை என்று ஆகாது. அந்தப் பக்கத்துத் தமிழ் அவன் பேசுகிற தமிழ் இல்லை. நீங்கள் கொடுத்த கதையில் இப்படி ஒரு வரி இருந்ததா பாருங்கள்: "தாகத்தால் தவித்த காகம், மரத்தடியில் இருந்த பானையைக் கண்டு, அதனுள் எட்டிப் பார்த்தது." இந்த ஒரு வரிக்குள் தவிப்பு, பானை இருந்தது, கண்டது, எட்டிப் பார்த்தது என்று நாலு சேதி. "கண்டு" என்பதை அவன் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்களா? "பாத்து" என்பார்கள். "அதனுள்" என்ற இடத்துக்கு வரும்போது பானையை மனசில் பிடித்து வைத்திருக்க வேண்டும். தம்பி ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிக்கொண்டு வரியின் கடைசிக்குப் போவதற்குள் பானை எப்போதோ கை நழுவியிருக்கும். செய்தது யார் என்பதையும் தமிழில் பாதி நேரம் வினைச்சொல்லின் வாலில் ஒளித்து வைத்துவிடுகிறோம். போனாள், வந்தது, கேட்டார்கள். பெயரே இருக்காது. சாதாரணப் பிள்ளை அந்த வாலைக் காதால் பிடித்துக்கொள்ளும். இவனுக்கு அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

அதனால் பாடத்தை விடாதீர்கள். வரியை உடையுங்கள்.

"காக்காவுக்குத் தாகம். மரத்தடியில் ஒரு பானை. காக்கா பானைக்குள் பார்த்தது. பானையில் கொஞ்சம் தண்ணீர்."

ஆறு வரி, அதிகம் போனால் எட்டு. "அது" வருகிற இடத்திலெல்லாம் பானை என்றோ காக்கா என்றோ திரும்ப எழுதுங்கள். கேட்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. ஒரு வரிக்கு ஒரு படம், நீங்களே கோடு கிழித்தால் போதும். எல்லோருக்கும் அதே கதை, அதே நேரம். அவன் கையில் மட்டும் இந்தத் தாள். முக்கியமாக, அவன் படிப்பதற்கு முன் நீங்கள் முகபாவத்தோடு முழுக் கதையையும் வகுப்புக்கே சொல்லிவிடுங்கள். காதால் கேட்டுத் தெரிந்துகொண்ட கதையைத்தான் பக்கத்தில் போய் அவன் தேட வேண்டும். நாம் தலைகீழாகச் செய்கிறோம். பக்கத்திலிருந்தே கதையைக் கண்டுபிடி என்கிறோம்.

அடுத்தது "ஏன்". நம்மூர் வகுப்பறையில் அந்தச் சொல்லை எப்போது சொல்கிறோம், யோசித்துப் பாருங்கள். ஏன்டா லேட்டு, ஏன்டா எழுதலை, ஏன்டா அவனை அடிச்சே. ஏன் என்றாலே அவனுக்கு அது கேள்வி இல்லை, திட்டு. என்னிடம் இருந்த ஒரு பெண் "ஏன்" என்று ஆரம்பித்தாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும். "எதுக்கு" என்று மாற்றிப் பாருங்கள். யார், என்ன, எங்கே மூன்றும் பழகின பிறகு "எதுக்கு" வரட்டும். யார் என்றால் ஆள் முகம், எங்கே என்றால் வீடு, இப்படி ஒரு அட்டைக்கு ஒரு படம் வரைந்து கேள்வி கேட்கும்போதெல்லாம் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். "யார் போட்டது" என்றதற்கு "டீச்சர்" என்றான் அல்லவா, எனக்கு அது நல்ல அறிகுறி. யார் என்றால் ஒரு ஆளைச் சொல்ல வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கேட்கும்போது "ஆமாவா இல்லையா" வேண்டாம். எதற்கும் ஆமா என்பான், நம் முகத்தைப் பார்த்தே சொல்வான். "காக்காவா, குருவியா?" என்றால் கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்லும் பிள்ளைகள் உண்டு, அதனால் சரியான பதிலை ஒரு தடவை முதலில், ஒரு தடவை பின்னால் வைத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இதுதான் இருப்பதிலேயே கஷ்டம், ஏனென்றால் நமக்கு வாய் நிற்காது. வரவில்லையா, அந்த வரியை மட்டும் திரும்பப் படித்துக் காட்டுங்கள். அப்படியும் இல்லையென்றால் இரண்டு படத்தை வைத்துத் தொடச் சொல்லுங்கள். அதற்கும் பிறகுதான் நீங்கள் தொட்டுக் காட்டுவது. நோட்டில் த, ம, ப என்று குறித்து வைத்தால் போதும்: தானாக, மறுபடி படித்ததும், படம் பார்த்ததும். ஒரு மாதத்தில் ப எல்லாம் ம ஆகிறதா என்று பாருங்கள். மார்க்கைவிட அது எவ்வளவோ தெளிவாகச் சொல்லும்.

50 சதவீதக் கணக்கு பற்றி. சான்றிதழில் லேசான நிலைக்கு 50, மிதமான நிலைக்கு 75, தீவிரத்துக்கு 90 என்று போடுவது வழக்கம். சலுகைக்கான அளவு அது. பாதிப் பாடம் புரியும் என்று அர்த்தம் இல்லை. உங்கள் சக ஆசிரியரிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

காதும் கண்ணும் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? சளியால் காது அடைத்துப் பாதி கேட்காமல் இருக்கும் பிள்ளைகளைப் "புரியலை" கணக்கில் சேர்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் 2: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

அம்மா, 34 வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அடிப்படை எழுத்து உறுதியாகாமல் பொருள் பேசுவது வீண் வேலை. நாலாம் வகுப்புப் பையன் பக்கத்துக்கு நாலு நிமிஷம் எடுக்கிறான் என்றால் எழுத்து இன்னும் கையில் வரவில்லை என்றுதான் அர்த்தம். முதலில் வேகம் வரட்டும், பொருள் தானாக வரும். அதோடு, படத்தைக் காட்டித் தொடச் சொல்வது வாசிப்பு ஆகாது. படம் பார்ப்பதுதான் ஆகும். 27 பேர் வகுப்பில் ஒருவனுக்கு மட்டும் தனித்தாள் எழுதுவதெல்லாம் பயிற்சி வகுப்பில் பேச நன்றாக இருக்கும். உங்கள் அக்கறையைக் குறை சொல்லவில்லை.

பதில் 3: ஒரு அம்மா, தஞ்சாவூர்

சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. என் மகளுக்கு இப்போது 17 வயது. "முதலில் எழுத்து" என்று சொல்லியே அவளை ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை கடைசி பெஞ்சில் கலர் பென்சிலோடு உட்கார வைத்திருந்தார்கள். ஐந்து வருடம் அ, ஆ. கதை ஒன்று கூட அவள் காதில் விழவில்லை. எழுத்து முடிந்தால்தானே கதை!

அப்புறம் எழுத்து வந்தது. வந்து என்ன? பஸ் ஸ்டாண்டில் போர்டைப் பார்த்து "கும்-ப-கோ-ண-ம் வழி பா-ப-நா-ச-ம்" என்று சத்தமாகப் படிப்பாள். கண்டக்டர் "பாபநாசம், பாபநாசம்" என்று கத்தினால்தான் ஏறுவாள். போர்டு சொல்வதும் கண்டக்டர் சொல்வதும் ஒன்று என்று அவளுக்குத் தெரியாது. அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. எப்படி என்றால், தினமும் காலையில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைப்பேன். "டப்பாவில் முறுக்கு இருக்கிறது." "அப்பா செருப்பு மாடியில்." வாயால் எதுவும் சொல்ல மாட்டேன். படித்தால் முறுக்கு, இல்லாவிட்டால் இல்லை. ஒருநாள் வேண்டுமென்றே "முறுக்கு ஃப்ரிட்ஜில்" என்று எழுதிவிட்டு அடுப்பு மேடையில் வைத்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போட்டாள் பாருங்கள், அன்றைக்குத்தான் இவள் நிஜமாகப் படிக்கிறாள் என்று நம்பினேன்.

டீச்சருக்கு ஒன்று. அவன் வயதுக்கு ஏற்ற கதையையே கொடுங்கள். பால்வாடிப் புத்தகம் கொடுத்தால் அவனுக்கு அவமானமாக இருக்கும். சொல்லத் தெரியாது, ஆனால் தெரியும். ஆடு வைத்திருக்கிற பையனுக்கு ஆட்டைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

பதில் 4: சிறப்புப் பயிற்றுநர் (மறுபடியும்)

முறுக்கு விஷயத்தை என் அடுத்த பயிற்சியில் சொல்லப் போகிறேன் அக்கா, அனுமதி உண்டுதானே.

சார் சொல்வதில் பாதி சரி. எழுத்தைத் தள்ளும் சுமை குறைந்தால் மனசில் இடம் மிஞ்சும் என்பது உண்மை. ஆனால் "பொருள் தானாக வரும்" என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு பேர் இதை ஒரு கணக்காகவே போட்டார்கள். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் காதால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் மறுபக்கம் எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்தான். தம்பிக்கு ஒரு பக்கம் ஓரளவு வந்துவிட்டது. மறுபக்கத்தை யாரும் தொடவே இல்லை.

படம் தொடுவது வாசிப்பு இல்லை என்றீர்கள். இதுவும் நியாயம். படத்தைக் கடைசி உதவியாகத்தான் வைத்திருக்கிறேன், அதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அவன் நிஜமாகவே வரியிலிருந்து பொருள் எடுக்கிறானா என்று பார்க்க அக்கா செய்ததுதான் நல்ல சோதனை. டீச்சர், அவனுக்கு நன்றாகத் தெரிந்த கதையில் ஒரே ஒரு சொல்லைத் தப்பாக மாற்றி எழுதிக் கொடுங்கள். படம் வேண்டாம், முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். அந்த இடத்தில் நிற்கிறானா, பேசாமல் தாண்டிப் போகிறானா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரம் கழித்து

எல்லோருக்கும் நன்றி. ஊரில் திருவிழா, அப்புறம் கருத்தாளர் கூட்டம், அதனால் தாமதம்.

கிபுலனை எழுதிப் போட்டேன். 27 பேரில் 22 பேர் "நெம்பாவில்" என்று கூவினார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் எழுந்து, "நெம்பான்னா என்ன டீச்சர்?" என்றாள். அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு. நான் இத்தனை வருடம் திருத்திய நோட்டுகள் எல்லாம் கண் முன்னால் வந்தன.

காக்கா கதையைச் செய்து பார்ப்போம் என்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, சுற்றுச்சுவர் வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லியைப் பிள்ளைகளை விட்டுப் போடச் சொன்னேன். மானம் போயிற்று. பாட்டில் வாய் வரைக்கும் ஜல்லி வந்துவிட்டது, தண்ணீர் வாய்க்கு எட்டாமல் கீழேயே நிற்கிறது. நான் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றியிருந்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற சந்திலேயே அவ்வளவு தண்ணீரும் அடங்கிவிட்டது. கெட்டிக்காரப் பையன்கள், "கதை பொய் டீச்சர்" என்றார்கள். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் தம்பி முன்னால் வந்து பாட்டிலில் விரலை வைத்து, "தண்ணி பத்தல. ஊத்து" என்றான்.

ஜல்லியைக் கொட்டிவிட்டு, பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி மறுபடி போட்டோம். மேலே வந்தது. சந்தடியோடு சந்தடியாக, "காக்கா எதுக்குடா கல்லு போட்டுச்சு?" என்று கேட்டேன். "தண்ணி மேல வர." எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் அதை விடுங்கள்.

ஏனென்றால் அடுத்த நாளே சிறப்புப் பயிற்றுநர் மேடம் சொன்ன சோதனையைச் செய்தேன். "காக்கா பானைக்குள் வடையைப் போட்டது" என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். கொஞ்சமும் அசையாமல் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். ஆக, கதை புரிந்திருக்கிறது, பக்கம் இன்னும் பேசவில்லை. ஓய்வு பெற்ற சார் சொன்னதில் இருந்த நியாயம் அப்போது புரிந்தது.

தஞ்சாவூர் அம்மா சொன்னபடி ஆட்டுக்கு மாறினேன். அவனையே சொல்ல வைத்து, அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். "எங்க வீட்ல பன்னெண்டு ஆடு. செவலை ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு." அச்சாக அவன் பேச்சு. மூன்று நாள் படித்தான். நாலாம் நாள் "ரெண்டு" என்று இருந்ததை "பத்து" என்று மாற்றி எழுதி வைத்தேன். "செவலை ஆடு பத்து..." விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தான். என்னைப் பார்த்தான். "பத்தா! டீச்சர், நீ லூசு" என்றான். வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை எதற்குச் சிரிக்கிறோம் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

அந்த வரியையே இப்போது கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துத் தமிழுக்கு நகர்த்துகிறேன். முதலில் "குட்டி போட்டது", அப்புறம் "இரண்டு குட்டிகள்". ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். நோட்டில் இந்த வாரம் பெரும்பாலும் ம, நடுவில் மூன்று த.

பக்கத்தில் உட்காரும் பெண் எல்லாப் பதிலையும் இவன் காதில் ஓதிக்கொண்டிருந்தாள். "பதிலைச் சொல்லாதே, வரியை மட்டும் தொட்டுக் காட்டு" என்று பழக்கியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது அவளுக்குப் பெரிய தவம். தனித்தாள் எழுத எனக்கு ஒரு பாடத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஆனால் இன்னும் ஆறு பேர், "எனக்கும் தம்பி தாள் குடுங்க டீச்சர்" என்று கேட்கிறார்கள், அதனால் அது ஒருவனுக்கான வேலையாக இப்போது இல்லை. காது பார்க்கச் சொல்லி அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் போகவில்லை.

இரண்டு சந்தேகம். பருவத் தேர்வில் இவனுக்கு வாய்மொழியாகக் கேட்டு மார்க் போட்டால் யாராவது கேள்வி கேட்பார்களா? அடுத்த பாடம் செய்யுள். அதை எப்படி உடைப்பது?

பதில் 5: சிறப்புப் பயிற்றுநர்

கேட்டால் 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டுங்கள். பிள்ளையின் தேவைக்கு ஏற்பப் பாடத்திட்டத்திலும் தேர்விலும் தகுந்த மாற்றம் செய்ய வேண்டும் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. என்ன மாற்றம் செய்தீர்கள் என்பதை அவனுடைய தனிநபர் கல்வித் திட்டத்தில் முன்கூட்டியே எழுதி, உங்கள் பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள். தேர்வு முடிந்த பிறகு எழுதினால்தான் தலைவலி.

செய்யுளை உடைக்காதீர்கள். இந்த வாரம் பாட்டாகப் பாட மட்டும் செய்யுங்கள், அவன் தாளம் போடட்டும். பாடலை இங்கே போடுங்கள், அவனுக்கு எந்த இரண்டு வரி என்று சேர்ந்து பார்ப்போம். "பத்தா!" என்றான் பாருங்கள், அதற்கு நோட்டில் த போட்டீர்களா?